எக்ஸ்-கதிர் உறிஞ்சல் நிறமாலை சரியாக வராதபோது: சிங்க்ரோட்ரான் பீம்லைனில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்குதல்

மண், தாது, எரிமலைக் கண்ணாடி, வினையூக்கி, பேட்டரி மின்முனை என்று எதைக் கொண்டுபோய் வைத்தாலும், ஸானெஸ் (தனிமத்தின் உறிஞ்சல் திடீரென்று எகிறும் ஆற்றலான விளிம்பை ஒட்டிய நிறமாலை), எக்ஸாஃப்ஸ் (விளிம்புக்கு மேலே நீளும் அலைவுகள்) அளவீட்டில் வரும் கோளாறுகள் திரும்பத் திரும்ப அதே பத்துக்குள்தான் அடங்கும். கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காரணங்கள் எளியதிலிருந்து செலவு கூடியதை நோக்கிப் போகின்றன. செலவை இங்கே பீம்டைமில், அதாவது பீம்லைனில் (சிங்க்ரோட்ரானின் எக்ஸ்-கதிர்க் கற்றை வந்து சேரும் அளவீட்டு நிலையம்) நமக்கு ஒதுக்கிய நேரத்தில்தான் கணக்கிட வேண்டும். ஒரு ஷிஃப்ட் எட்டு மணி நேரம் என்றால், இரண்டு நிமிடச் சோதனையை விட்டுவிட்டு கதிரின் ஆற்றலைத் தேர்ந்தெடுக்கும் மோனோக்ரோமேட்டரைச் சந்தேகிப்பது பெரிய செலவு.

எடுத்துக்கொண்டிருக்கும் அமைப்பு வழக்கமானது: சிலிக்கான் 111 படிக ஜோடி கொண்ட மோனோக்ரோமேட்டர் (இனி மோனோ), சாம்பிளுக்கு முன் முதல் அயனி அறை (கதிரின் அளவைக் காட்டும், வாயு நிரப்பிய டிடெக்டர்), சாம்பிளுக்குப் பின் இரண்டாம் அறை, அதன்பின் ஒப்பீட்டு ஃபாயில் (தனிமத்தின் மெல்லிய தகடு), அதற்குப் பின் மூன்றாம் அறை. கற்றைக்கு 90 டிகிரியில் ஒளிர்வு டிடெக்டர் (கதிர்பட்ட தனிமம் உமிழும் எக்ஸ்-கதிரை எண்ணுவது), சாம்பிள் 45 டிகிரியில். எலக்ட்ரான்வோல்ட்டை இவி என்று எழுதுகிறோம்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இரண்டு பதிவுகள் கையில் இருக்க வேண்டும். ஒன்று, ஷட்டரை மூடிவைத்து எல்லா டிடெக்டர்களிலும் 10 வினாடி எடுத்த இருட்டு அளவு. இரண்டு, சாம்பிள் இடத்தில் தனிம ஃபாயிலை வைத்து எடுத்த ஒரு முழு ஸ்கேன். இந்த இரண்டும் இல்லாவிட்டால் கோளாறு கருவியிலா சாம்பிளிலா என்று யாராலும் சொல்ல முடியாது.

## அறிகுறி 1: முதல் அறையில் சிக்னலே இல்லை

எண் இருட்டு அளவிலேயே நிற்கிறது என்றால் இந்த வரிசையில் பாருங்கள்: சேமிப்பு வளையத்தில் மின்னோட்டம் இருக்கிறதா, ஹட்சில் (கதிர்த்தடுப்பு அறை) ஆள் இல்லை என்று உறுதிசெய்யும் தேடல் முழுதாக முடிந்து பூட்டப்பட்டதா, ஃப்ரண்ட்-எண்ட் ஷட்டர், ஹட்ச் ஷட்டர் இரண்டும் திறந்திருக்கின்றனவா, முந்தைய குழு விட்டுப்போன அட்டென்யூவேட்டர் (கற்றையை மங்கவைக்கும் தகடு) ஏதாவது கற்றையில் நிற்கிறதா, மோனோ உண்மையில் நீங்கள் கேட்ட ஆற்றலில் இருக்கிறதா, அயனி அறையின் உயர் மின்னழுத்தம் போட்டிருக்கிறதா, வாயு ஓடுகிறதா. பெரும்பாலும் ஷட்டரோ மின்னழுத்தமோதான்.

எண் இருக்கிறது, ஆனால் ஆற்றலை மாற்றினாலும் அசையவில்லை என்றால் ஆம்ப்ளிஃபையர் உச்சத்தில் முட்டி நிற்கிறது. இது ஏமாற்றும் அறிகுறி, ஏனென்றால் திரையில் அழகான, இரைச்சலே இல்லாத நேர்கோடு தெரியும். ஆதாயத்தை ஒரு படி குறையுங்கள். ஸ்கேன் முழுவதிலும் வெளியீடு உச்ச அளவின் 80 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்க வேண்டும். முதல் அறைக்கு உச்சம் ஸ்கேனின் எந்த முனையில் வரும் என்று இரு முனைகளுக்கும் போய்ப் பாருங்கள்.

மோனோவின் இரண்டாம் படிகம் விலகியிருந்தால் சிக்னல் மிகச் சிறிதாக இருக்கும், ஆனால் பூஜ்யமாக இருக்காது. இரண்டாம் படிகத்தின் சாய்வை மெல்ல ஓட்டி உச்சத்தைத் தேடலாம், பயனருக்கு அந்த அனுமதி இருந்தால்.

பீம்லைன் விஞ்ஞானியைக் கூப்பிட வேண்டிய இடம்: இன்டர்லாக் (பாதுகாப்புப் பூட்டு) விளக்கு சிவப்பாகவே நின்றால், வெற்றிட வால்வு தானாக மூடிக்கொண்டால், மோனோவின் வெப்பநிலை எச்சரிக்கை வந்தால். இன்டர்லாக்கைச் சுற்றிப்போக எந்தக் குறுக்கு வழியும் கிடையாது. அயனி அறையைத் திறக்கும்முன் மின்னழுத்தத்தை இறக்குவது உங்கள் பொறுப்பு.

## அறிகுறி 2: கற்றை வருகிறது, உறிஞ்சல் விளிம்பு வரவில்லை

சாம்பிள் கற்றையில் இல்லை என்பதே முதல் காரணம். ஒளிர்திரையையோ கதிர்பட்டால் நிறம் மாறும் தாளையோ சாம்பிள் பிடிமானத்தில் ஒட்டி, கற்றை எங்கே விழுகிறது என்று பாருங்கள். கேமராக் குறுக்குக்கோடு நேற்றைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கலாம்.

அடுத்தது ஒளிர்வு டிடெக்டரின் ஆற்றல் சாளரம். முந்தைய தனிமத்துக்கு வைத்த சாளரம் அப்படியே இருந்தால் விளிம்பு தெரியாது. விளிம்புக்கு 200 இவி மேலே நின்று டிடெக்டரின் முழு நிறமாலையை எடுங்கள். இரும்புக்கு உச்சி 6.40, துத்தநாகத்துக்கு 8.64, ஆர்செனிக்குக்கு 10.54 கிலோ இவியில் வர வேண்டும். எல்லா உச்சிகளும் ஒரே விகிதத்தில் தள்ளியிருந்தால் டிடெக்டரின் அளவுத்திருத்தம் போய்விட்டது.

ஊடுருவல் முறையில் (சாம்பிளைத் தாண்டி வரும் கதிரை இரண்டாம் அறையில் அளப்பது) விளிம்பு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிதாக இருந்தால் செறிவு போதவில்லை என்று பொருள். எடைக்கு 1 சதவீதத்துக்குக் கீழே ஊடுருவல் முறையோடு மல்லுக்கட்டாமல் ஒளிர்வு முறைக்கு மாறிவிடுங்கள்.

## அறிகுறி 3: இரைச்சல்

விகிதத்தை மட்டும் பார்க்காதீர்கள். முதல் அறை, இரண்டாம் அறை, ஒளிர்வு டிடெக்டர் மூன்றின் மூலத் தரவையும் தனித்தனியாக வரைந்து பாருங்கள். கிளை அங்கேயே பிரியும்.

முதல் அறையே இரைகிறது என்றால் சிக்கல் சாம்பிளுக்கு முன்னால். ஆதாயம் மிகக் குறைவாக இருக்கலாம், வாயு ஓட்டம் வேகமாக இருந்து அறைக்குள் அலைக்கழியலாம், கேபிள் தளர்ந்திருக்கலாம். இவையெல்லாம் சரி என்றால், திரவ நைட்ரஜனில் குளிரும் மோனோவில் குமிழ்கள் படிகத்தை நடுக்குகின்றனவா என்பது அடுத்த சந்தேகம். முதல் அறையின் சிக்னலை நொடிக்கு ஆயிரம் தடவை பதிந்து அதிர்வெண் வரைபடம் போட்டால், நடுக்கம் கூரான உச்சிகளாகத் தெரியும். வெறும் எண்ணிக்கை இரைச்சல் தட்டையாக இருக்கும். உச்சி தெரிந்தால் அது பீம்லைன் ஆட்களின் வேலை.

முதல் அறையும் இரண்டாம் அறையும் சேர்ந்தே ஆடுகின்றன, ஆனால் வகுத்தபின்னும் ஆட்டம் மிச்சமிருக்கிறது என்றால் சாம்பிள் சீராக இல்லை. கற்றை சற்று அசையும்போது வேறு தடிமன் வழியாகப் போகிறது. பெல்லெட்டை (பொடியை அழுத்திச் செய்த வில்லை) வேறு இடத்துக்கு நகர்த்துங்கள், கற்றையைப் பெரிதாக்குங்கள். அதுவும் உதவாவிட்டால் மறுபடி அரைத்துச் செய்யுங்கள்.

ஒளிர்வு மட்டும் இரைகிறது என்றால் எண்ணிக்கை போதவில்லை. 10 லட்சம் எண்ணிக்கையில் புள்ளியியல் இரைச்சல் 0.1 சதவீதம், 10 ஆயிரத்தில் 1 சதவீதம். ஸ்கேன்களைச் சேர்ப்பது வர்க்கமூலக் கணக்கில்தான் உதவும்: இரைச்சலைப் பாதியாக்க 4 ஸ்கேன், கால்வாசியாக்க 16. ஆகவே ஸ்கேன் எண்ணிக்கையைக் கூட்டும்முன் மூன்றைச் செய்யுங்கள். டிடெக்டரைக் கிட்டே கொண்டுபோங்கள், டெட் டைம் (ஒரு கதிரை எண்ணி முடிக்கும்வரை டிடெக்டர் அடுத்ததைத் தவறவிடும் நேரம்) இடம் கொடுக்கும் வரை. விளிம்புக்கு முன்பகுதியில் புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தைக் கூட்டி, அங்கே மிச்சமாகும் நேரத்தை எக்ஸாஃப்ஸின் வால் பகுதிக்குக் கொடுங்கள். சிதறல் அதிகமென்றால் வடிகட்டி போடுங்கள். இரும்பு அளக்க மாங்கனீஸ் தகடு, ஆர்செனிக் அளக்க ஜெர்மானியம். ஒளிர்வுக் கோட்டுக்கும் உறிஞ்சல் விளிம்புக்கும் இடையில் தன் விளிம்பு விழும் தனிமம்தான் நல்ல வடிகட்டி. வடிகட்டி தானும் ஒளிரும் என்பதால், சாம்பிளை நோக்கிய சோலர் ஸ்லிட் (சாம்பிளிலிருந்து வரும் கதிரை மட்டும் விடும் தகடு வரிசை) இல்லாமல் அதைப் போடுவது பாதி வேலைதான்.

## அறிகுறி 4: கூரான முள்ளோ பள்ளமோ

எல்லா சாம்பிளிலும் அதே ஆற்றலில் வருகிறது: மோனோ படிகத்தில் ஒரே சமயத்தில் இரண்டு பிரதிபலிப்புகள் நடப்பதால் வரும் கிளிட்ச். முதல் அறையின் மூலத் தரவிலும் அதே இடத்தில் பள்ளம் இருக்கும். டிடெக்டர்கள் நேர்விகிதத்தில் நடந்தால், சாம்பிளும் சீராக இருந்தால், வகுக்கும்போது அது மறைந்துவிட வேண்டும். மறையவில்லை என்பதுதான் உண்மையான துப்பு: இருட்டு அளவைக் கழித்தீர்களா, மின்னழுத்தம் போதுமா என்று பாருங்கள். மின்னழுத்தத்தைச் சற்றுக் கூட்டியதும் சிக்னலும் கூடினால் அறை இன்னும் நிறைநிலைக்கு வரவில்லை. வேறு படிக ஜோடி இருக்கும் பீம்லைன்களில் மாற்றிக் கேட்கலாம்.

ஒரு சாம்பிளில் மட்டும் வருகிறது, சாம்பிளை 2 டிகிரி திருப்பினால் இடம் மாறுகிறது: சாம்பிளில் உள்ள படிகத் துகளின் பிராக் உச்சி, அதாவது படிகம் ஒரு திசையில் கூராகத் திருப்பிவிடும் கதிர். குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் நிறைந்த மண்ணிலும், மெல்லிய பாறைச் சீவல்களிலும், படிக அடித்தளத்தின் மேல் வளர்த்த மென்படலங்களிலும் இது சகஜம். பல கூறுகள் கொண்ட டிடெக்டரில் பெரும்பாலும் ஒன்றிரண்டு கூறுகளில்தான் விழும். அந்தக் கூறுகளை நீக்கிவிட்டுக் கூட்டுங்கள். எல்லாக் கூறுகளையும் தனித்தனியே சேமிக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான். சாம்பிளைச் சுழற்றினால் படிகங்களின் பங்கு சராசரியாகிவிடும்.

வைர அழுத்தக் கலத்தில் (இரு வைரங்களுக்கிடையே சாம்பிளை அழுத்தும் கலம்) முட்கள் வைரத்திலிருந்தே வருகின்றன, சாம்பிளில் எதுவும் தவறில்லை. கலத்தை அரை டிகிரிப் படிகளில் திருப்பி, நீங்கள் கேட்கும் ஆற்றல் எல்லையில் முட்கள் குறைந்த கோணத்தைத் தேட வேண்டும். ஒரு மணி நேரம் பிடிக்கும். அதைத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். நானோ பல்படிக வைரம் இந்தத் தொல்லையைப் பெருமளவு ஒழிக்கிறது, விலையும் அதற்கேற்ப.

ஒரே ஒரு ஸ்கேனில் ஒரே ஒரு தடவை: வளையத்தில் எலக்ட்ரான் நிரப்பிய நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பதிவேட்டைப் பார்த்து, அந்தப் புள்ளியை நீக்குங்கள். மேலே ஆராய வேண்டாம்.

## அறிகுறி 5: வெண்கோடு மழுங்கியிருக்கிறது, அலைவுகள் குட்டையாக இருக்கின்றன

வெண்கோடு என்பது விளிம்பின் உச்சியில் நிற்கும் கூரான முகடு. மிகுந்த சேதம் செய்யும் கோளாறு இது, ஏனென்றால் நிறமாலை பார்க்க நன்றாகவே இருக்கும். ஊருக்குத் திரும்பிப் பொருத்தும்போதுதான் அண்டை அணுக்களின் எண்ணிக்கை 6 வர வேண்டிய இடத்தில் 4 வரும். பீம்லைனிலேயே பிடித்துவிட நான்கு கேள்விகள் போதும்.

ஃபாயிலும் மழுங்கியிருக்கிறதா? ஆம் என்றால் சாம்பிளை விடுங்கள். ஹார்மோனிக் (கேட்ட ஆற்றலின் முழு மடங்கில் வரும் கதிர்) கலப்போ டிடெக்டரோதான் காரணம். சிலிக்கான் 111 படிகம் 222 பிரதிபலிப்பை (இரு மடங்கு ஆற்றல்) தடுத்துவிடும், 333-ஐ (மூன்று மடங்கு) தடுக்காது. ஆகவே இரும்புக்கு 7.1 கிலோ இவி கேட்டால் 21.3 கிலோ இவியும் கூடவே வரும். அந்தக் கதிருக்கு சாம்பிள் கிட்டத்தட்ட ஒளி புகும் கண்ணாடி. அது அப்படியே இரண்டாம் அறைக்குப் போய் உறிஞ்சலைக் குறைத்துக் காட்டும்.

சோதனை எளிது. ஒரு ஃபாயிலின் விளிம்புப் படியை (விளிம்பில் உறிஞ்சல் ஏறும் உயரம்) அளங்கள், அதே போன்ற இரண்டாவதை மேலே வைத்து மறுபடி அளங்கள். சரியாக இரட்டிக்க வேண்டும். 5 மைக்ரான் இரும்புத் தகட்டுக்குப் படி சுமார் 1.4, 5 மைக்ரான் செம்புக்கு சுமார் 1.1. இரண்டு தகட்டில் இரட்டிக்காமல் குறைந்தால் ஹார்மோனிக் இருக்கிறது. இருட்டு அளவைக் கழிக்காமல் விட்டாலும் இதே அறிகுறி வரும், அதை முதலில் சரிபாருங்கள்.

நீக்கும் வழி: இரண்டாம் படிகத்தைச் சற்றே விலக்கி, முதல் அறைச் சிக்னலை 30 முதல் 40 சதவீதம் குறையுங்கள். 333-இன் கோண அகலம் மிகக் குறுகியது, முதலில் அதுதான் சாகும். விலக்கலை ஸ்கேனின் மேல் முனைக்கு அருகே செய்வது நல்லது. கதிரைப் பிரதிபலிக்கும் கண்ணாடி இருக்கும் பீம்லைனில் பூச்சைக் கவனியுங்கள்: 3 மில்லிரேடியன் கோணத்தில் ரோடியம் பூச்சு ஏறக்குறைய 22 கிலோ இவி வரை பிரதிபலிக்கும், இரும்பின் 21.3-ஐ அது முழுதாகத் தடுக்காது. அதே கோணத்தில் வெறும் சிலிக்கான் பட்டை 10 கிலோ இவியிலேயே வெட்டிவிடும். பூச்சை மாற்றுவதும் கண்ணாடிக் கோணத்தைத் தொடுவதும் பீம்லைன் விஞ்ஞானியின் கையில் இருக்க வேண்டும். கண்ணாடி அசைந்தால் கற்றையின் உயரமே மாறும்.

ஃபாயில் சரி, ஊடுருவல் முறையில் சாம்பிள் மழுங்கியிருக்கிறதா? துளைகள், அல்லது தடிமன். கற்றையின் ஒரு பகுதி துகள் இடைவெளிகள் வழியாக உறிஞ்சப்படாமல் போகிறது. இங்கே எல்லோரும் செய்யும் தவறு சல்லடையை நம்புவது. 400 மெஷ் சல்லடையின் கண் 38 மைக்ரான். இரும்பு விளிம்புக்கு மேலே ஹெமடைட் என்ற இரும்பு ஆக்ஸைடின் உறிஞ்சல் நீளமே (கதிர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறையும் ஆழம்) 6 முதல் 7 மைக்ரான்தான். சல்லடையில் இறங்கிய துகள்கூட ஐந்து மடங்கு பெரியது. துகள் உறிஞ்சல் நீளத்தின் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வர வேண்டும். எத்தனாலில் நனைத்து அகேட் உரலில் 20 நிமிடமாவது அரையுங்கள். பிறகு எத்தனாலில் கலக்கி, பெரிய துகள் படியவிட்டு, மேலே மிதப்பதை மட்டும் இறுத்துக் காயவையுங்கள். ஆனால் பல தாதுக்கள் கலந்த மண்ணில் இப்படி இறுத்தால் களிமண் பகுதி மட்டும் உங்கள் கைக்கு வரும். அங்கே இப்படி இறுத்தெடுக்காதீர்கள், ஒளிர்வு முறைக்கு மாறுங்கள்.

எடைக் கணக்கும் சேர்ந்தே வர வேண்டும். 13 மில்லிமீட்டர் பெல்லெட்டில் விளிம்புப் படி 1 வர ஹெமடைட் சுமார் 5 மில்லிகிராம் போதும். மீதி 80 முதல் 100 மில்லிகிராம் செல்லுலோஸ் அல்லது போரான் நைட்ரைடு. கண்ணால் பார்த்து 'கொஞ்சம் போதாது' என்று கூடுதலாகப் போடுபவர்கள்தான் விளிம்புக்கு மேலே மொத்த உறிஞ்சல் 2.5-ஐத் தாண்டிப் போகிறார்கள். பெல்லெட்டை விளக்குக்கு எதிரே பிடியுங்கள்: புள்ளிப் புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் எக்ஸ்-கதிருக்கும் அப்படித்தான் தெரியும்.

ஒளிர்வு முறையில் மட்டும் மழுங்கியிருக்கிறதா? தன்னுறிஞ்சல் (செறிவான தனிமமே கதிரை விழுங்கி ஒளிர்வைத் தட்டையாக்குவது) அல்லது டெட் டைம். இரண்டும் ஒரே மாதிரி தெரியும். பிரிக்கும் வழி: கற்றையில் அட்டென்யூவேட்டர் போட்டு ஒளியைப் பாதியாக்கி அதே இடத்தில் மறுபடி ஸ்கேன் எடுங்கள். வெண்கோடு உயர்ந்தால் டெட் டைம், அசையாவிட்டால் தன்னுறிஞ்சல்.

டெட் டைம் என்றால் டிடெக்டரைப் பின்னுக்கு இழுங்கள், இழப்பை 20 சதவீதத்துக்குள் வையுங்கள், அதற்குமேல் திருத்தச் சூத்திரத்தை நம்பாதீர்கள். பெரும்பாலும் உங்கள் தனிமம் குற்றவாளி இல்லை. இரும்பு நிறைந்த மண்ணில் ஆர்செனிக் தேடும்போது டிடெக்டரை நிரப்புவது இரும்புதான். 100 மைக்ரான் அலுமினியத் தகடு டிடெக்டருக்கு முன்னால் போதும்: இரும்பின் ஒளிர்வில் 7, 8 சதவீதம்தான் தாண்டும், ஆர்செனிக்கினுடையதில் பாதிக்கு மேல் தாண்டும்.

தன்னுறிஞ்சல் என்றால், எடைக்குச் சில சதவீதத்துக்கு மேல் அந்தத் தனிமம் உள்ள தடித்த சாம்பிளை ஒளிர்வு முறையில் அளக்கவே கூடாது. நீர்த்துப்போகச் செய்வது உதவும், துகள் சிறிதாக இருந்தால் மட்டும். 30 மைக்ரான் துகளை நூறு மடங்கு போரான் நைட்ரைடில் கலந்தாலும் அந்தத் துகளுக்குள் நடக்கும் தன்னுறிஞ்சல் அப்படியே இருக்கும். அரைக்கக் கூடாத சாம்பிள் என்றால் எலக்ட்ரான் ஈட்ட முறை (வெளியேறும் எலக்ட்ரான்களை அளப்பது) ஒரு வழி, மேற்பரப்பை மட்டும்தான் பார்க்கும் என்று தெரிந்துகொண்டு. நிறமாலையைக் கையாளும் அதீனா மென்பொருளில் தன்னுறிஞ்சலுக்கான திருத்தங்கள் இருக்கின்றன. சாம்பிளின் வேதிக் கூறு துல்லியமாகத் தெரியாமல் அவற்றைப் போடுவது வெண்கோட்டின் உயரத்தை நீங்களே தீர்மானிப்பதற்குச் சமம்.

எல்லாம் சரி, ஆனால் விளிம்புக்கு முந்தைய சிறு உச்சிகள் கரைந்து தெரிகின்றனவா? இது பிரிதிறன். மோனோவுக்கு முன் உள்ள செங்குத்து ஸ்லிட் அகலமாகத் திறந்திருக்கிறது. கற்றையை இணையாக்கும் கண்ணாடி இல்லாத பீம்லைனில், 20 மீட்டர் தொலைவில் 1 மில்லிமீட்டர் உயரம் என்பது இரும்பு விளிம்பில் ஏறக்குறைய 1.2 இவி. பாதியாக மூடுங்கள்.

## அறிகுறி 6: விளிம்பு நகர்ந்துகொண்டே போகிறது

ஒப்பீட்டு ஃபாயிலும் சேர்ந்து நகர்ந்தால் மோனோதான். இரும்பு விளிம்பில் பிராக் கோணம் (மோனோ படிகத்தில் கதிர் விழும் கோணம்) 16.1 டிகிரி, கோணத்தில் 0.001 டிகிரி பிசகினால் 0.43 இவி போய்விடும். காரணங்கள்: ஸ்கேனை ஒருமுறை மேலிருந்தும் ஒருமுறை கீழிருந்தும் தொடங்கியது, கற்றை இழந்து திரும்பி வந்தபின் படிகம் சூடாகும் வரை காத்திராதது (அரை மணி நேரமாவது கொடுங்கள்), கற்றையின் செங்குத்து நிலை மாறியது. ஒவ்வொரு ஸ்கேனையும் அதன் ஃபாயிலோடு ஒப்பிட்டு நேராக்கிய பிறகே கூட்டுங்கள். நேராக்காமல் கூட்டிய பத்து ஸ்கேன் பிரிதிறனைக் கெடுக்கும், மீட்க முடியாது. ஒரே இரவில் 1 இவிக்கு மேல் நகர்ந்தால் பீம்லைன் விஞ்ஞானிக்குச் சொல்லுங்கள்.

ஃபாயில் நிற்கிறது, சாம்பிள் மட்டும் நகர்கிறது என்றால் அறிகுறி 7-க்குப் போங்கள்.

ஸ்கேன்கள் ஒத்துப்போகின்றன, இலக்கிய மதிப்போடு மட்டும் ஒத்துப்போகவில்லை என்றால் பெரும்பாலும் யாரிடமும் தவறில்லை. இரும்புத் தகட்டின் முதல் வகைக்கெழு உச்சியைச் சிலர் 7112 என்கிறார்கள், சிலர் 7110.75 என்கிறார்கள். எதைப் பிடித்தீர்கள் என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். ஆர்செனிக்குக்கு (11867) உலோகத் தகடு கிடைக்காததால் தங்கத்தின் எல்-3 விளிம்பையும் (11919), யுரேனியத்துக்கு (17166) யிட்ரியத்தின் கே விளிம்பையும் (17038) வைப்பது வழக்கம். கே, எல்-3 என்பவை எலக்ட்ரான் கிளம்பும் உள் கூட்டின் பெயர்கள்.

## அறிகுறி 7: ஒரே இடத்தில் ஸ்கேனுக்கு ஸ்கேன் நிறமாலை மாறுகிறது

கற்றையே சாம்பிளை மாற்றிக்கொண்டிருக்கிறது. ஆர்செனிக் ஆக்சிஜனேற்ற நிலை 5-லிருந்து 3-க்கு, குரோமியம் 6-லிருந்து 3-க்கு, மாங்கனீஸ் 4-லிருந்து கீழே, தாவரத் திசுவிலும் கரிம மண்ணிலும் செம்பு 2-லிருந்து 1-க்கு. எப்போதும் ஒடுக்கம்தான் என்று நினைத்துவிட வேண்டாம்: நீர் கலந்த பசால்ட் கண்ணாடியில் இரும்பு கற்றையின் கீழ் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. கண்ணாடியில் கந்தகத்தின் 6 நிலை 4-க்கு இறங்கும்போது 2478 இவிக்கு அருகே ஒரு புது உச்சி முளைக்கும். அதை எரிமலையின் வேதியியல் என்று எழுதிவிடக் கூடாது.

மெதுவான ஸ்கேன்களை மட்டும் ஒப்பிட்டு 'மாற்றமில்லை' என்று சொல்வது போதாது. மாற்றம் முதல் நிமிடத்திலேயே முடிந்திருக்கலாம். அதன்பின் எடுத்த எல்லா ஸ்கேனும் சேதமான சாம்பிளைத்தான் ஒரே மாதிரி காட்டும். ஆகவே இப்படிச் செய்யுங்கள்: மோனோவை மாறும் உச்சியின் ஆற்றலிலேயே நிறுத்துங்கள். ஆர்செனிக் 3-க்கு சுமார் 11871, 5-க்கு சுமார் 11875; குரோமியம் 6-க்கு சுமார் 5993; செம்பு 1-க்கு சுமார் 8983. புத்தம் புது இடத்துக்கு நகர்ந்து, எண்ணத் தொடங்கியபின் ஷட்டரைத் திறந்து, நேரத்துக்கு எதிராக 5 நிமிடம் பதியுங்கள். கோடு தட்டையாக இருந்தால் தப்பித்தீர்கள். ஏறினாலோ இறங்கினாலோ, 5 சதவீத மாற்றம் வர எத்தனை வினாடி ஆயிற்று என்பதுதான் ஓரிடத்தில் நீங்கள் செலவிடக்கூடிய நேரம்.

தீர்வுகள், மலிவானதிலிருந்து:

கற்றையைப் பரப்புங்கள். 2 மைக்ரானுக்குக் குவித்ததை 20-க்கு விரித்தால் ஒரே பரப்பில் விழும் ஒளி நூறில் ஒரு பங்காகும். சராசரிச் செறிவு மட்டும் தேவைப்படும் மண் சாம்பிளுக்குக் குவிப்பே வேண்டியதில்லை.

ஷட்டரை இடைவெளிகளில் மூடுங்கள். மோனோ அடுத்த ஸ்கேனுக்குத் திரும்பும் நேரத்தில் சாம்பிள் வீணாகக் காய்ந்துகொண்டிருக்கிறது.

ஒவ்வொரு ஸ்கேனுக்கும் இடம் மாற்றுங்கள். பெல்லெட்டில் எளிது. பாறைச் சீவலில் ஒரே தாதுமணிக்குள் எத்தனை இடம் கிடைக்கும் என்று முன்பே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

ஈரத்தைக் கவனியுங்கள். ஈரச் சேற்றில் கதிர் தண்ணீரை உடைத்து உண்டாக்கும் எலக்ட்ரான்களும் மூலக்கூற்றுத் துண்டுகளும்தான் பெரும்பகுதிச் சேதத்தைச் செய்கின்றன. ஆனால் காயவைப்பது பதில் அல்ல. காற்றில் காயும்போது ஆர்செனிக் 3 ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும். ஆக்சிஜனில்லாப் பெட்டிக்குள் காயவையுங்கள், அல்லது ஈரமாகவே உறையவையுங்கள்.

கிரயோஸ்டாட் (சாம்பிளைக் கடுங்குளிரில் வைக்கும் கலம்). திரவ நைட்ரஜன் வெப்பநிலையில், 80 கெல்வினுக்கு அருகே, உடைந்த துண்டுகள் நகர முடியாததால் சேதம் மிகவும் குறையும். முற்றாக நிற்காது. குளிரிலும் மேலே சொன்ன நேரச் சோதனையைச் செய்யுங்கள். இறக்கி ஏற்ற ஒரு சாம்பிளுக்கு அரை மணி முதல் ஒரு மணி போகும் என்பதால், ஷிஃப்ட் நடுவில் கேட்பதைவிட விண்ணப்பத்திலேயே கேட்பது நல்லது. திரவ நைட்ரஜனையோ ஹீலியத்தையோ பயனர் தனியாகக் கையாள வேண்டாம். மூடிய ஹட்சில் ஆவியான வாயு ஆக்சிஜனைத் தள்ளிவிடும். ஆக்சிஜன் எச்சரிக்கை ஒலித்தால் உடனே வெளியேறி, பிறகு கூப்பிடுங்கள்.

எபாக்சி பழுப்பாவதையும் கண்ணாடியில் கற்றை தன் உருவத்தைப் பதிப்பதையும் பார்த்துப் பயப்பட வேண்டாம், நிம்மதியும் வேண்டாம். நிறம் மாறாமலே ஆக்சிஜனேற்ற நிலை மாறும். நிறம் மாறியும் அது நிற்கும்.

பேட்டரியை மின்னேற்றி இறக்கிக்கொண்டே மின்முனையை அளக்கும்போது கிளை வேறு. கற்றை படும் இடம் மற்றப் பகுதிகளைவிடப் பின்தங்கினால், கற்றைச் சேதமோ கலத்தின் சாளரத்துக்கு அடியில் அழுத்தம் குறைந்ததோ காரணம். கற்றையை 2 மில்லிமீட்டர் தள்ளி ஒரு ஸ்கேன் எடுங்கள். புது இடம் சரியாக இருந்தால் கற்றை. அதுவும் பின்தங்கியிருந்தால் கலத்தின் சாளரம்.

## அறிகுறி 8: டிடெக்டர் சாளரத்தில் வேறு தனிமம்

விளிம்புக்கு முன்பே சிக்னல் உயரமாக இருக்கிறது, அல்லது தாதுப் படத்தில் இல்லாத இடத்தில் தனிமம் தெரிகிறது என்றால் ஒளிர்வுக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. அடிக்கடி ஏமாற்றும் ஜோடிகள்: ஆர்செனிக்கும் (10.54) ஈயமும் (10.55), டைட்டானியமும் (4.51) பேரியமும் (4.47), கோபால்ட்டும் (6.93) இரும்பின் பீட்டாக் கோடும் (7.06), வனேடியமும் (4.95) டைட்டானியத்தின் பீட்டாவும் (4.93). எல்லாம் கிலோ இவியில்.

ஆர்செனிக்-ஈயத்துக்கு வழி சுலபம். ஈயத்தின் எல்-3 விளிம்பு 13035 இவி. படம் எடுக்கும் ஆற்றலை அதற்குக் கீழே, 12.8 கிலோ இவி போல வைத்தால் ஈயம் அந்தக் கோட்டில் ஒளிரவே ஒளிராது. ஈயத்தின் படம் தனியே வேண்டுமென்றால் விளிம்புக்கு மேலே இன்னொன்று எடுத்துக் கழியுங்கள். இரும்பில் கோபால்ட் தேடுவதற்கு இந்தக் குறுக்கு வழி கிடையாது, ஏனென்றால் கோபால்ட் விளிம்புக்கு மேலே போனால் இரும்பும் ஒளிர்ந்துதான் தீரும். ஒளிர்வுக் கோடுகளை நுட்பமாகப் பிரிக்கும் படிகப் பகுப்பாய்வி உள்ள நிலையத்தைத் தேட வேண்டும்.

எக்ஸாஃப்ஸின் வால் நடுவில் திடீரென்று படி ஏறினால் அது அடுத்த தனிமத்தின் விளிம்பு. மாங்கனீஸ் ஸ்கேன் இரும்பின் 7112-இல் முடிந்துவிடும், எக்ஸாஃப்ஸ் அலையெண் சுமார் 12 (ஆங்ஸ்ட்ராமின் தலைகீழில்). சீரியத்தின் எல்-3 (5723) எல்-2-இல் (6164) முடியும், அலையெண் 10.8 தான். அதற்கு மேலே ஸ்கேன் ஓட்டுவது பீம்டைமை எரிப்பது.

## அறிகுறி 9: ஃபூரியர் உருமாற்றத்தில் 1 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழே மேடு

இந்த உருமாற்றம் அலைவுகளை அண்டை அணுக்களின் தூரமாக மாற்றிக் காட்டும். அந்தத் தூரத்தில் எந்த அணுவும் இருக்க முடியாது. பின்னணிக் கோடு சரியாகப் போடப்படவில்லை என்பது பத்தில் ஒன்பது முறை. விளிம்புக்கு முன் நேர்கோட்டை எங்கிருந்து எங்கே போட்டீர்கள் என்று பாருங்கள். விளிம்புக்கு 150 முதல் 30 இவி முன்னால் போதும், அந்தப் பகுதியில் கிளிட்ச் இல்லாமல். பின்னணி வெட்டுத் தூரத்தை (இதற்குக் கீழே உள்ளதையெல்லாம் பின்னணியாகக் கழிக்கும் எல்லை) 1.0-இல் தொடங்கி 1.2-க்குள் வையுங்கள். ஆக்ஸைடுகளில் 1.5-க்குக் கூட்டினால் ஆக்சிஜன் கூட்டின் உச்சியையே தின்றுவிடும். மேடு அப்படியே நின்றால் நீக்காமல் விட்ட கிளிட்சைத் தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் அறிகுறி 5-இன் முதல் கேள்வியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும், ஃபாயிலின் உருமாற்றத்திலும் அதே மேடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு.